ஊசியும் குழியும்

தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துத் தொழுக்களில் நிற்கும் மாடுகளின் காதில் இப்போது மஞ்சள் வில்லை ஒன்று தொங்குகிறது. அதில் 12 இலக்க எண். கால்நடை மருத்துவர் அந்த எண்ணைத் தம் செல்போனில் தட்டினால், மாடு யாருடையது, கோமாரி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதெல்லாம் வந்துவிடும். ஊரில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வில்லை வேறொரு காலத்தை நினைவூட்டுகிறது. எண் இல்லாமல் பெயர் மட்டும் இருந்த மாடுகளின் காலம் அது. மயிலை, செவலை, காரி, சுட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த மாடுகள், சீக்கு வந்த வருஷத்தில் இரண்டே வாரத்தில் தொழுவைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கின்றன.

கால்நடைகளுக்குள் தொற்றுநோய் கிளம்பினால் அதை அடக்க அரசுகள் கைக்கொண்ட வழிகள் இரண்டு. நோய் வருமுன் ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பை உண்டாக்குவது ஒன்று. நோய் கண்டவற்றையும் அவற்றோடு நின்றவற்றையும் கொன்று, குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுவது மற்றொன்று. எது சரி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. என்ன நோய், எந்தப் பிராணி, அது யாருடைய பிழைப்பு, கொன்றால் பணம் எப்போது கைக்கு வரும் என்ற நான்கையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். தென்காசிப் பக்கத்தில் மாட்டுக்கு ஊசி, வாத்துக்கும் கோழிக்கும் குழி என்று ஏற்பட்ட ஏற்பாட்டுக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

பெரியவர்கள் சொல்லும் பழைய சீக்குகளில் முதலிடம் வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய்க்கு. முதலில் காய்ச்சல் அடிக்கும். மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். கண்ணில் நீர் வடிந்து பீளை கட்டும். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தால் ஈறிலும் நாக்கடியிலும் தவிடு தூவினாற்போல் வெள்ளைப் புண் இருக்கும். அதன் பிறகு கழிச்சல். நாற்றம் தெருமுனை வரை வரும். ஆறிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் கதை முடிந்துவிடும். எதிர்ப்பே இல்லாத மந்தையில் பத்துக்கு ஒன்பது வரை சாகும். தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவே குளத்துப் பாசனத்தில் கிடக்கும் இந்த வயல்காட்டில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகமும் மாட்டை நம்பியே நடந்தன. ஏர் ஜோடியில் ஒன்று போய்விட்டால் மற்றது உழவுக்கு உதவாது. இரவல் மாட்டுக்கு முறை வைத்துக் காத்திருந்து பிந்தி நட்ட வயலில், விளைச்சலும் குறைந்துதான் வரும். ஒரு மாடு செத்தால் அந்த வீட்டின் ஒரு போகமே போனது மாதிரி.

அப்போது ஊர் தன் அளவில் செய்துகொண்ட ஏற்பாடுகள் உண்டு. வெளியூர் மாடு எல்லைக்குள் வரக்கூடாது. ஊர் மாடு சந்தைக்குப் போகக்கூடாது. சீக்குக் கண்ட ஊரிலிருந்து வைக்கோல் வாங்கக்கூடாது. அம்மன் கோவிலுக்குக் கொடை நேர்ந்துகொள்வார்கள். தொழு வாசலில் வேப்பங்குழை தொங்கும். மந்திரித்த தகட்டை மண்ணில் புதைத்து, அதைத் தாண்டி மாடுகளை ஓட்டுவதும் நடந்தது. தகட்டுக்குப் பலன் இருந்ததோ இல்லையோ, எல்லையை அடைத்ததற்குப் பலன் இருந்தது. வெக்கைக் கிருமி வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு நேராகத் தாவினால்தான் அதற்கு வாழ்வு. மாட்டை நகர விடாமல் நிறுத்தினால் நோயும் நின்றுபோகும் என்பதை ஊர் தன் அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தது.

ஐரோப்பா இதே நோய்க்கு வேறு வழியை எடுத்தது. 1710-களில் இத்தாலியில் வெக்கை பரவியபோது, போப்பாண்டவரின் மருத்துவரான லான்சிசி, நோய் கண்ட மாடுகளைத் தாமதமில்லாமல் கொன்று புதைக்கச் சொன்னார். 1714-இல் இங்கிலாந்தில் தாமஸ் பேட்ஸ் என்ற அரண்மனை மருத்துவர் அதையே செய்தார்; கூடவே மாட்டுக்காரருக்குப் பணமும் கொடுக்க ஏற்பாடு செய்தார். பணம் கொடுத்ததால்தான் மாட்டை மறைக்காமல் காட்டினார்கள். 1865-இல் பிரிட்டனுக்குள் மறுபடி நுழைந்த வெக்கையை 1866-இன் கட்டாயக் கொலைச் சட்டம் ஒழித்தது. தீவு நாடு, துறைமுகங்களை அடைத்துவிட்டால் வெளிமாடு வர வழியில்லை. அங்கே அது பலித்தது.

அதே 1866-இல் சென்னை மாகாணத்திலும் மாட்டு நோய்ச் சட்டம் ஒன்று வந்தது. 1871-இல் இந்திய மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. ஆனால் பிரிட்டனில் நடந்தது இங்கே நடக்கவில்லை. மாட்டைக் கொல்வதில் இருந்த மனத்தடை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நடைமுறை. மாட்டைக் கொல்ல அதிகாரி வருகிறார் என்ற பேச்சு ஊருக்குள் வந்தால் அன்றிரவே மாடு அடுத்த ஊர் மாமன் வீட்டுத் தொழுவுக்குப் போய்விடும். நோயும் கூடவே போகும். வேலி இல்லாத ஊர், பொது மேய்ச்சல், பொதுக் குளம், நாள்தோறும் நடமாடும் வண்டி மாடு என்று இருக்கும் நாட்டில் எந்த மாடு எதோடு நின்றது என்று கணக்கெடுக்கவே முடியாது. கொல்வதென்றால் ஊரோடு கொல்ல வேண்டும்.

ஆகவே தேடல் ஊசியின் பக்கம் திரும்பியது. 1889-இல் பூனாவில் தொடங்கிய ஏகாதிபத்திய நுண்ணுயிரியல் ஆய்வகம் 1893-இல் குமாவோன் மலையில் முக்தேஸ்வருக்குப் போனது. ஆபத்தான கிருமியை வைத்து வேலை செய்ய ஆளில்லாத குளிர்மலைதான் தோது. 1897-இல் ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்கே அங்கே வந்து போனார். 1920-களின் பிற்பகுதியில் ஜே.டி. எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, வெக்கைக் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மறுபடி மறுபடி ஏற்றி, மாட்டைக் கொல்லும் வீரியத்தை அது இழக்கும்படி செய்தார். அந்த ஆட்டுக் கிருமியே மாட்டுக்குத் தடுப்பூசி ஆனது. கோழிக்கழிச்சலுக்கு இராணிக்கேட் நோய் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சென்னை மாகாணத்துக்காக 1932-இல் இராணிப்பேட்டையில் சீரம் நிலையம் ஏற்பட்டது. கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் என்ற பெயரில் இன்றும் அங்கிருந்து தடுப்பூசி வருகிறது.

1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் மாடுகள் இந்த ஒரு நோயால் செத்துக்கொண்டிருந்தன. ஊசி போடும் நாளுக்கு முந்தின சாயங்காலமே தண்டோராக்காரர் தெருத் தெருவாகச் சொல்லிப் போவார். மறுநாள் காலையில் குளத்தங்கரையிலோ கோவில் திடலிலோ இரண்டு கம்பங்களுக்கு நடுவே மாட்டை நெருக்கி நிறுத்தி ஊசி போடுவார்கள். முரட்டுக் காளையைப் பிடிக்க நாலு பேர் வேண்டும். கம்பவுண்டர் என்று ஊர் அழைத்த உதவியாளரின் காக்கிச் சட்டையில் சாணி படாத இடம் இருக்காது. ஊசி போட்டால் காளைக்கு வீரியம் போய்விடும், மாடு கருத்தரிக்காது என்ற பேச்சுகளும் அப்போதே இருந்தன. ஆனால் வெக்கை ஊசிக்கு ஒரு பெரிய பலம் இருந்தது: கிருமி ஒரே வகை, ஒருமுறை போட்டால் மாட்டின் ஆயுளுக்கே தாங்கும். மறுபடி மறுபடி ஊர் கூட்ட வேண்டிய அவசியமில்லை.

ஊசியோடு சோதனைச் சாவடியும் சேர்ந்துகொண்டது. மாநில எல்லைகளில் கடந்துபோகும் மாடுகளை நிறுத்திப் பார்த்து, எல்லையை ஒட்டிய ஊர்களில் எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டு, நோய் தாண்ட முடியாத பட்டையாக வைத்திருக்க முயன்றார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்த ஊர். அதன்பின் எல்லை மேற்கே மலையடிவாரத்துக்கு நகர்ந்தது. சந்தையில் பிடித்த மாடுகளைச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக நடத்தியே கொல்லத்துப் பக்கம் ஓட்டிப்போன காலத்தில் இந்தக் கணவாய்தான் நோய்க்கும் பாதை. மாட்டுச் சந்தை எங்கெங்கே கூடியதோ, அந்தத் தடத்திலேயே வெக்கையும் போய்வந்தது.

வடக்கே பல மாநிலங்களில் நோய் அடங்கிய பிறகும் தென்னிந்தியாவில் அது மறைந்து மறைந்து தலைகாட்டியது. 1992-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதிய ஒழிப்புத் திட்டம் வந்தது. இந்தியாவின் கடைசி வெக்கை 1995-இல் தமிழ்நாட்டில்தான், வட ஆற்காட்டில் பதிவானது. அதன்பின் நடந்ததை வெளியில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஊசி போடுவதை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டிருந்தால், எங்கோ ஒளிந்திருக்கும் கிருமி வெளியே தெரியாது. நிறுத்திவிட்டு, கால்நடை ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் வாயில் புண், கழிச்சல் என்று எந்த மாடாவது இருக்கிறதா என்று விசாரித்தார்கள். பல ஆண்டு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று இல்லாத நாடாக ஏற்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுபட்டது. மனிதருக்குப் பெரியம்மை ஒழிந்தபின், பூமியிலிருந்து அடியோடு ஒழிந்த இரண்டாவது நோய் வெக்கைதான். இந்தியாவில் அதை ஒழிக்க ஊரூராக மாடுகளைக் கொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெக்கை போன இடத்தில் கோமாரி நின்றுகொண்டது. அது புதிதாக வந்ததல்ல. வெக்கையின் கொடுமையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோமாரி கண்ட மாட்டின் வாயில் நுரை கயிறு மாதிரி இறங்கும். சப்புக்கொட்டும் சத்தம் ராத்திரியில் தொழுவிலிருந்து கேட்கும். குளம்பு வெடிப்பில் புண் வந்து, ஈ மொய்த்து, புழு வைக்கும். வேப்பெண்ணெயைத் துணியில் நனைத்துக் குளம்பில் கட்டுவார்கள். சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவும் கைவைத்தியத்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஏற்றுச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. புண்ணை அது ஆற்றும், பரவுவதை நிறுத்தாது.

வளர்ந்த மாடு கோமாரியில் அதிகம் சாவதில்லை. பால் குடிக்கும் கன்று, நோய்க்குறியே தெரியாமல் நெஞ்சு நின்று விழுந்துவிடும். பிழைத்த மாட்டைப் பார்த்தால்தான் நோயின் கணக்கு புரியும். கோமாரி வந்து தேறிய உழவு மாட்டுக்கு மயிர் நீண்டு வளரும். வெயில் ஏறினால் நாக்கைத் தள்ளிக்கொண்டு இரைக்கும். முற்பகலில் நாலு சால் ஓட்டுவதற்குள் நின்றுவிடும். அந்த மாட்டைச் சந்தையில் விற்கவும் முடியாது. தரகர் நிழலில் நிற்கும் மாட்டை வெயிலில் அரை மணி நேரம் கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, விலை பேசாமலே நகர்ந்துவிடுவார். நாட்டு மாடு ஓரளவு தாங்கியது. ஜெர்சிக் கலப்பு வந்து, வீட்டுக்கு ஒரு கறவை மாடு என்று பால் சொசைட்டியை நம்பிக் குடும்பம் நடக்கத் தொடங்கியபின் கோமாரியின் அடி பலமாக விழுந்தது. பால் ஒரே நாளில் பாதியாகும். மடி கெட்டால் அந்த ஈற்றே போச்சு.

கோமாரி ஊசி வெக்கை ஊசி மாதிரி சுலபமானதல்ல. உலகில் இந்தக் கிருமி ஏழு வகை. ஒன்றுக்கான எதிர்ப்பு மற்றதற்கு உதவாது. இந்தியாவில் போடும் ஊசியில் ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று வகைக்கு மருந்து இருக்கிறது. எதிர்ப்பு ஆறு மாதம் தாங்கினால் அதிகம். ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவை, ஊரிலுள்ள நூறு மாட்டில் எண்பதுக்குக் குறையாமல் போட்டாக வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டும். ஐஸ் பெட்டி வெயிலில் நின்றால் ஊசி போட்டும் போடாத கணக்குத்தான். 2003-04-இல் நாட்டில் 54 மாவட்டங்களில் மட்டும் தொடங்கிய திட்டம் 2010-11-இல் 221 மாவட்டங்களுக்கு விரிந்தது. 2013-இல் தென்மாநிலங்களைக் கோமாரி ஆட்டிவைத்தது; காவிரி டெல்டாவில் மாடுகள் செத்து விழுந்த செய்தியைப் படித்தபின்தான் பல ஊர்களில் முகாமுக்குக் கூட்டம் வந்தது. 2019 செப்டம்பரில் பிரதமர் மதுராவில் தொடங்கிவைத்த தேசியத் திட்டம் கோமாரியோடு கன்றுவீச்சு நோயையும் சேர்த்துக்கொண்டது. காதில் வில்லை பரவலாக ஏறியது இதன் பிறகுதான்.

முகாம் நாளில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் விடியும் முன்னே வந்துவிட வேண்டும். மாடு மேய்ச்சலுக்குக் கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது. இப்போது தண்டோரா கிடையாது. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் போடுகிறார்கள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூணோடு ஒட்டி நிறுத்தினால், கழுத்துச் சதையில் தட்டிக்கொண்டே ஆழமாக 2 மி.லி. இறக்கிவிடுவார். ஊசி போகும் நேரம் மாட்டுக்குத் தெரிவதைவிட அதன் சொந்தக்காரிக்கு அதிகம் தெரியும்.

“சார், போன தடவ ஊசி போட்டு மூணு நாளு பாலு கொறஞ்சிட்டுல்லா. சொசைட்டிக்கு ஊத்தவே இல்ல” என்று ஒரு வீட்டில் சொல்வார்கள்.

“மூணு நாள் கொறையும்மா. சீக்கு வந்தா மூணு மாசம் கொறையும்.”

“சரி, அந்தச் சினை மாட்ட விட்ருங்க. மாசமாயிட்டு.”

நிறைசினை மாட்டை அவராகவே ஒதுக்கிவிடுவார். மூன்று நாள் பாலின் விலை வெளியூர்க்காரர்களுக்குச் சிறிய தொகை. ஒற்றை மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அது அந்த வாரத்து மளிகை. தொழுவைப் பூட்டிக்கொண்டு ஆள் இல்லாத மாதிரி இருந்துவிடும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. அறியாமை என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஊசித் திட்டங்களில் இந்த மூன்று நாள் நஷ்டத்துக்கு ஒரு மூட்டைத் தீவனமாவது கொடுத்திருந்தால் எண்பது என்ற கணக்கு சுலபமாக எட்டியிருக்கும்.

இதே கோமாரியை 2001-இல் பிரிட்டன் கையாண்ட விதத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிப்ரவரியில் எசெக்ஸ் பகுதி இறைச்சிக்கூடம் ஒன்றில் பன்றிகளில் நோய் கண்டது. அதற்குள் ஆட்டுச் சந்தைகள் வழியாக நாடெங்கும் பரவிவிட்டது. நோய் உறுதியான பண்ணைகள் 2,026. நோய் கண்ட பண்ணையை 24 மணி நேரத்துக்குள்ளும், அதை ஒட்டிய பண்ணையை 48 மணி நேரத்துக்குள்ளும் காலி செய்வது என்று விதி வைத்தார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். அவற்றில் பெரும்பகுதி நோய் இல்லாதவை. வயல்வெளியில் பிணங்களை அடுக்கிக் கொளுத்திய புகை வாரக்கணக்கில் அடங்கவில்லை. டெவன் பகுதியில் கொலை முடிந்து ஐந்து நாள் கழித்து, செத்த தாயின் பக்கத்தில் வெள்ளைக் கன்று ஒன்று உயிரோடு கிடந்தது. அதையும் கொல்ல வந்தபோது நாடே எதிர்த்தது. அண்டைப் பண்ணை விதியை அரசு தளர்த்தியது. அந்தக் கன்றுக்கு ஃபீனிக்ஸ் என்று பெயர் வந்தது.

தடுப்பூசி கையில் இருந்தும் போடாததற்குக் காரணம் வியாபாரம். கோமாரி ஊசி போட்ட நாடு ‘ஊசியின்றி நோயற்ற நாடு’ என்ற தகுதியை இழக்கும். இறைச்சி ஏற்றுமதி பல மாதம் தடைபடும். ஊசியால் வந்த எதிர்ப்பா, நோயால் வந்த எதிர்ப்பா என்று ரத்தத்தைப் பார்த்துப் பிரிக்க அக்காலச் சோதனைகளை நம்பத் தயங்கினார்கள். நெதர்லாந்து அதே ஆண்டில் ஊசி போட்டுப் பரவலை நிறுத்திவிட்டு, ஊசி போட்ட நல்ல மாடுகளையே பிறகு கொன்றது. தென்கொரியா 2010-11-இல் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றி, மாடுகளைப் புதைத்தபின், ஊசிக்கு மாறியது. இப்போது நன்கு சுத்திகரித்த ஊசியில், கிருமி உடம்பில் பெருகும்போது மட்டும் உண்டாகும் சில புரதங்கள் இருக்காது. அந்தப் புரதங்களுக்கு எதிர்ப்பு தெரிந்தால் மாட்டுக்கு நோய் வந்து போயிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனை வந்தபின் கொலைக்கான பழைய நியாயம் பாதி போய்விட்டது.

அப்படியானால் குழிக்கு வேலையே இல்லையா என்றால், புளியரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். செங்கோட்டை தாண்டி, கேரள மலைச்சாலை ஏறும் இடத்துச் சோதனைச் சாவடி அது. ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் இங்கே கால்நடைத் துறையினர் மருந்துத் தெளிப்பானோடு நிற்பார்கள். மலையிறங்கி வரும் லாரிகளின் டயருக்கு மருந்தடித்து விடுவார்கள். கோழி, வாத்து, முட்டை, தீவனம் ஏற்றிய வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். 2021 ஜனவரியில் இப்படி நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தது.

ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டில் அறுவடை முடிந்த வயலில் மேய்ப்பவர்கள் வாத்துகளை ஆயிரக்கணக்கில் மந்தையாக ஓட்டிப் போவார்கள். 2014 நவம்பரில் அங்கே பறவைக் காய்ச்சல் வந்து, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கி.மீ.க்குள் இருக்கும் கோழி, வாத்து எல்லாவற்றையும் அழிப்பது இந்தியாவின் விதி. பறவைக் காய்ச்சலுக்காக இந்தியாவில் இப்படிக் கொன்றது முதன்முதலாக 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். இங்கே கொலைக்கு நியாயம் இருக்கிறது. கிருமி மனிதருக்குத் தாவக்கூடியது. வாத்து பல சமயம் நோய்க்குறி காட்டாமலே கிருமியைச் சுமக்கும். அரைகுறையாக ஊசி போட்டால் அந்த மறைவு இன்னும் கூடும். கோழிக்கும் வாத்துக்கும் ஆயுள் குறைவு என்பதால் மந்தையை மறுபடி சில மாதத்தில் எழுப்பிவிடலாம். மாட்டுக்கு அது நடக்காது. சீனா 2004 முதல் ஊசி போட்டு வருகிறது, பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது என்றாலும், விடாத கண்காணிப்பு இல்லாத நாட்டுக்கு அது ஆபத்தான விளையாட்டு.

குழி வெட்டும் முன் பணம் எண்ணி வைக்க வேண்டும் என்பது 1714-இலேயே தெரிந்த விஷயம். கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் என்று வைத்தார்கள். தொகை குறைவென்று பேசலாம்; ஆனால் தொகை என்று ஒன்று இருந்ததால்தான் மந்தை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்கு நகரவில்லை. இழப்பீடு தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அடுத்த தடவைக்கு மறைத்து வைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

பன்றிக்கு வேறு வழியே இல்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் பயன்பாட்டில் தடுப்பூசி கிடையாது. 2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் நுழைந்தது. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் பன்றிகள் கொல்லப்பட்டன. அடுத்த ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தன. மனிதருக்கு இது ஒட்டாது. ஆனால் கொல்லாமல் விட்டால் பன்றிகள் தாமாகவே செத்து, இன்னும் பத்து இடத்துக்குப் பரப்பிவிட்டுப் போகும்.

மாட்டுக்கு அண்மையில் வந்த தோல் கழலை நோயில் இந்தியா பழைய பாடத்தையே படித்தது. 2019-இல் ஒடிசாவில் தலைகாட்டி, தமிழ்நாட்டிலும் பரவி, 2022-இல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் சூறையாடியது. உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாகக் கட்டி, காலில் வீக்கம், சாப்பாடு இறங்காது. கொசுவும் ஈயும் பரப்பும் நோய் என்பதால், ஒரு மாட்டைக் கொன்றாலும் கடித்த கொசு அடுத்த தொழுவுக்குப் போயிருக்கும். கையில் இருந்தது வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசி. இரண்டு கிருமியும் ஒரே குடும்பம் என்பதால் ஆட்டு ஊசியை மாட்டுக்குப் போட்டார்கள். எட்வர்ட்ஸ் காலத்துக்குப் பிறகு மறுபடி ஆடு மாட்டைக் காத்தது. ஹிசாரிலும் இசத்நகரிலும் உள்ள ஆய்வு நிலையங்கள் சேர்ந்து உருவாக்கிய தனி ஊசி 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. பல்கேரியாவும் கிரீஸும் 2016-17-இல் இந்த நோயை நிறுத்தியதும் பரவலாக ஊசி போட்டபின்தான். 2025-இல் பிரான்ஸ் ஊசியும் போட்டுக்கொண்டு, நோய் கண்ட மந்தையை முழுதாகக் கொல்லவும் செய்தபோது விவசாயிகள் டிராக்டரோடு சாலைக்கு வந்தார்கள்.

தொற்றுநோய் கண்ட விலங்கைக் கருணைக்கொலை செய்ய இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. மாட்டு விஷயத்தில் அந்த அதிகாரம் ஏட்டில் இருப்பதே நல்லது. குழி வெட்ட வேண்டியது வேறொன்றுக்கு: அடைப்பான் நோயில் திடீரென்று செத்த மாட்டை அறுக்காமல், தோலை உரிக்காமல், ஆழக் குழியில் சுண்ணாம்போடு புதைக்க வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் பல பத்தாண்டு உயிரோடிருக்கும்.

வில்லை இல்லாத கன்றும், சந்தையில் புதிதாகப் பிடித்து வந்த மாடும்தான் ஊருக்குள் நோய் நுழையும் ஓட்டை. புதுமாட்டை ஊர் மாட்டோடு மூன்று வாரம் சேர்க்காமல் தனியே கட்டுங்கள். நாலு மாதம் கடந்த கன்றை அடுத்த கோமாரி முகாமில் நிறுத்துங்கள். வீட்டுக் கோழிக்குக் கழிச்சல் ஊசி சனிக்கிழமைதோறும் மாட்டாஸ்பத்திரியில் போடுகிறார்கள். கிடேரிக் கன்று நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் இருந்தால் கன்றுவீச்சு நோய்க்கான ஊசியையும் கேட்டு வாங்குங்கள்; அது ஆயுளில் ஒரே தடவை போடுவது, எட்டு மாதம் தாண்டினால் போட மாட்டார்கள்.